வக்காலத்து வாங்கும் நாள் முதல் வழக்குக் கட்டைத் திருப்பித் தரும் நாள் வரை: ஜார்ஜ் டவுனில் தொழில் தொடங்கும் இளம் வழக்குரைஞருக்கு

காசிமேட்டிலிருந்தோ கொடுங்கையூரிலிருந்தோ பாரிமுனைக்கு வந்து இறங்கி, தம்பு செட்டி தெருவில் மாடிப்படி ஏறி, உங்கள் சிறிய அறையில் வந்து உட்காரும் கட்சிக்காரருக்குப் பெரும்பாலும் அன்றைய கூலி போயிருக்கும். அவர் பையில் இருக்கும் காகிதங்களில் பாதி ஆங்கிலத்தில் இருக்கும். தன் வழக்கு இன்று எந்தக் கட்டத்தில் நிற்கிறது, தான் கொடுத்த பணம் எதற்குச் செலவானது, வீட்டின் மூலப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர வேறு எதைக் கொண்டும் அவரால் தெரிந்துகொள்ள முடியாது. அந்த மூன்று கேள்விகளையும் அவர் எந்த நாளில் வந்து கேட்டாலும் எழுத்தில் எடுத்துக் காட்டக்கூடிய நிலையில் அலுவலகத்தை வைத்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வழக்குரைஞரின் தொழில் நெறி என்று நாம் சட்டக் கல்லூரியில் ஒரு பாடமாகப் படித்துவிட்டு வருவதில் பெரும்பகுதி, நடைமுறையில் இந்த மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது.

விதிகள் எங்கே இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் ஆண்டின் வழக்குரைஞர்கள் சட்டத்தின் 49ஆம் பிரிவு தந்த அதிகாரத்தின்படி வழக்குரைஞர்களை நெறிப்படுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சில் இயற்றிய விதிகளில், ஆறாம் பகுதியின் இரண்டாம் அத்தியாயத்தில், நீதிமன்றத்துக்கும் கட்சிக்காரருக்கும் எதிர்த்தரப்புக்கும் சக வழக்குரைஞருக்கும் நாம் செய்ய வேண்டிய கடமைகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. அவற்றுள் கட்சிக்காரருக்கான கடமைகள் மட்டும் 11 முதல் 33ஆம் விதி வரை நீள்கின்றன. வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்ட மாதத்திலேயே அந்த அத்தியாயத்தை ஒருமுறை முழுவதுமாக வாசித்துவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

முதல் சந்திப்பு

வந்திருப்பவர்தான் கட்சிக்காரரா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். வடசென்னையில் ஒருவர் தனியாக வழக்குரைஞரைத் தேடி வருவது குறைவு. தெருப் பெரியவர், சங்கத் தலைவர், அரசியல் கட்சியின் வட்டச் செயலாளர், கடன் கொடுத்தவர் என யாரேனும் ஒருவர் கூட்டிக்கொண்டு வருவார்; பேச்சையும் அவரே பேசுவார். கட்சிக்காரரோ அவரால் முறையாக அதிகாரம் பெற்ற முகவரோ அல்லாத எவருடைய அறிவுறுத்தலின்படியும் நடக்கக் கூடாது என்று 19ஆம் விதி சொல்கிறது. ஆகவே கூட்டி வந்தவரை மரியாதையாகத் தேநீர் குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, வழக்குக்கு உரியவரிடம் தனியாகப் பத்து நிமிடமாவது பேசுங்கள். குடும்ப வழக்குகளில் இந்தப் பத்து நிமிடம் மிக அவசியம். அண்ணன் முன்னால் ஒரு பெண் சொல்லும் கதையும், அண்ணன் வெளியே போன பிறகு அவர் சொல்லும் கதையும் ஒன்றாக இருப்பதில்லை என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அடுத்து, எதிர்த்தரப்பின் பெயரைக் கேட்டு, அவரோடு உங்களுக்கோ உங்கள் சீனியருக்கோ தொடர்பு உண்டா என்று பாருங்கள். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் பிறந்து வளர்ந்து இங்கேயே தொழில் செய்பவருக்கு, எதிர்த்தரப்பு உறவினராகவோ பள்ளித் தோழராகவோ அமைவது அரிதன்று. தொடர்பு இருந்தால் அதைக் கட்சிக்காரரிடம் மறைக்காமல் முழுமையாகச் சொல்லி, அதன் பிறகும் அவர் உங்களையே விரும்பினால் மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வழக்கில் நீங்களே சாட்சியாக வேண்டிவரும் என்று தெரிந்தால், உதாரணமாக நீங்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தைப் பற்றியே வழக்கு என்றால், வேறொருவரிடம் அனுப்பிவிடுவதே முறை.

வழக்கைத் தட்டிக் கழிக்கவும் கூடாது. நம் தகுதிக்கும் வழக்கின் தன்மைக்கும் ஏற்ற கட்டணம் தரத் தயாராக இருப்பவரின் வழக்கை, தனிப்பட்ட தக்க காரணம் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பது விதி. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றம் செய்திருப்பார் என்று நமக்குத் தோன்றுவது மறுப்பதற்கான காரணம் ஆகாது. குறிப்பிட்ட ஒருவருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வழக்குரைஞர் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் கூறியது. அந்த வழக்கு கோயம்புத்தூரிலிருந்து சென்றது.

பணம் இல்லை என்று தயங்குபவரிடம் சட்ட உதவியைப் பற்றிச் சொல்வதும் நம் கடமையே. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி பெண்களும் குழந்தைகளும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் தொழில்துறைத் தொழிலாளர்களும் காவலில் இருப்பவர்களும் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியின்றியே இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். மீன் விற்று மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாய் ஜீவனாம்சத்துக்காக வந்தால், உங்களுக்குக் கட்டணம் கிடைக்காமல் போனாலும், இந்த வழி இருக்கிறது என்பதை அவரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

வழக்கைத் தேடிப் போவது வேறு. மருத்துவமனை வாசலில் ஆள் வைத்து விபத்து வழக்குகளைப் பிடிப்பதும், காவல் நிலையத்திலிருந்து தகவல் வாங்குவதும் 36ஆம் விதி தடை செய்யும் செயல்கள். பெயர், முகவரி, பதிவு எண், தொடர்பு விவரம் போன்றவற்றோடு ஓர் இணையதளம் வைத்துக்கொள்ள 2008ஆம் ஆண்டுத் திருத்தம் இடம் தந்திருக்கிறது. அதற்கு மேல் விளம்பரத்துக்கு இடமில்லை.

வக்காலத்து

நிரப்பாத வக்காலத்தில் கையெழுத்து வாங்காதீர்கள். அவசரத்துக்கு உதவும் என்று நான்கைந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் சில அலுவலகங்களில் இருக்கிறது. நாளைக்கு ஒரு சமரச மனுவிலோ வாபஸ் மெமோவிலோ அந்தக் கையெழுத்து பயன்பட்டால், அது நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டதாகவே இருந்தாலும், கட்சிக்காரர் அறியாமல் அவருடைய உரிமையை விட்டுக்கொடுத்ததாகவே முடியும். கட்சிக்காரரின் உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்புதலையும் அவருடைய தெளிவான அறிவுறுத்தல் இல்லாமல் வழக்குரைஞர் தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

எந்த நீதிமன்றம், யாருக்கு எதிராக, என்ன வழக்கு என்பதை நிரப்பிய பிறகு, ‘இதில் கையெழுத்திட்டால் உங்களுக்காக நான் பேசவும் மனுப் போடவும் அதிகாரம் கொடுக்கிறீர்கள்’ என்று தமிழில் விளக்குங்கள். கைநாட்டு வைப்பவராக இருந்தால் முழுவதும் படித்துக் காட்டுங்கள். வழக்குரைஞர் நல நிதி வில்லை ஒட்டிய பிறகு கைப்பேசியில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தன் வழக்கைச் சேர்ந்த முதல் காகிதம் அவர் கையில் இருக்கிறது என்ற தைரியம் அவருக்கு வரும்.

பணம்

நம் மீது வரும் புகார்களின் வேர் பெரும்பாலும் பணத்தில்தான் இருக்கிறது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கட்சிக்காரர் தரும் பணம் இரண்டு வகை. ஒன்று உங்கள் கட்டணம், அது உங்களுடையது. மற்றொன்று செலவுக்கான பணம்: நீதிமன்றக் கட்டணம், பேட்டா (அழைப்பாணை அனுப்பக் கட்டும் தொகை), நகல் மனுச் செலவு, பத்திரிகை அறிவிப்புச் செலவு, நீதிமன்றம் நியமிக்கும் ஆணையருக்கான கட்டணம். இரண்டாவது வகை உங்கள் பையில் இருந்தாலும் உங்கள் பணம் அன்று. எந்தத் தொகை கட்டணத்துக்காக வந்தது, எது செலவுக்காக வந்தது என்று கணக்கில் பிரித்து எழுத வேண்டும் என்றும், கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் செலவுப் பணத்தைக் கட்டணமாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்றும் 26ஆம் விதி சொல்கிறது. கேட்டால் கணக்கின் நகலைத் தர வேண்டும் என்று 30ஆம் விதியும், அந்தப் பணத்தைக் கடனாக மாற்றிக்கொள்ளக் கூடாது என்று 31ஆம் விதியும் சொல்கின்றன.

இதற்குப் பெரிய கணினி மென்பொருள் எதுவும் வேண்டாம். நீளமான ஒரு பேரேட்டை வாங்கி, ஒவ்வொரு வழக்குக்கும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். இடப்பக்கத்தில் பணம் வந்த தேதி, தொகை, கட்டணமா செலவா, ரசீது எண். வலப்பக்கத்தில் செலவான தேதி, எதற்காக, எவ்வளவு, அதற்கான சான்று. இரண்டு படிகள் உள்ள ரசீதுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஐந்நூறு ரூபாய் வந்தாலும் தமிழில் ரசீது எழுதிக் கொடுங்கள். குமாஸ்தா கையில் கட்சிக்காரர் பணம் கொடுத்தாலும் அன்று மாலைக்குள் அது பேரேட்டில் ஏறிவிட வேண்டும். ‘பேட்டா கட்ட வேண்டும்’ என்று சொல்லி இரண்டு முறை பணம் வாங்கப்படும் அவலம், இப்படி எழுதி வைக்காத இடத்தில்தான் நடக்கிறது. பல சமயம் அது வழக்குரைஞருக்கே தெரியாது.

செலவுப் பணம் அதிகம் புழங்கத் தொடங்கியவுடன் அதற்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு எடுக்கும் கணக்கிலேயே அந்தப் பணமும் இருந்தால், எடுக்க வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலே ஒருநாள் எடுத்துவிடுவீர்கள்.

அடுத்தது விபத்து வழக்குகள். துறைமுகத்துக்கும் மணலிக்கும் எண்ணூருக்கும் இடையே இரவு பகலாகக் கண்டெய்னர் லாரிகள் ஓடும் பகுதி நம்முடையது. சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் இயங்கும் இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு நம் தெருக்களிலிருந்து போகும் குடும்பங்கள் ஏராளம். ‘இப்போது ஒன்றும் தர வேண்டாம், வருவதில் இத்தனை சதவீதம் கொடுங்கள்’ என்று பேசிக்கொள்வது இந்த வழக்குகளில் சாதாரணமாகிவிட்டது. வழக்கின் முடிவைச் சார்ந்து கட்டணம் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும் 20ஆம் விதி நேரடியாகத் தடை செய்கிறது. ஏழைக் குடும்பத்துக்கு அதுதானே வசதி என்று வாதிடுபவர்களை நான் அறிவேன். ஆனால் கணவனை இழந்த பெண்ணுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் வாழ்நாள் முழுவதற்குமாகக் கணக்கிடப்பட்ட தொகையில் நாம் ஒரு பங்காளியாக உட்கார்ந்தால், சமரசத்துக்கு எப்போது சம்மதிப்பது, மேல்முறையீட்டுக்குப் போவதா என்ற ஒவ்வொரு முடிவிலும் நம் பங்கைப் பற்றிய நினைப்பு நுழைந்துவிடும். அதற்குப் பதிலாக, உறுதியான ஒரு தொகையைப் பேசி, அதை வழக்கின் கட்டங்களுக்கேற்பத் தவணையாக வாங்கிக்கொள்ளலாம். முடிந்த பிறகே தர முடியும் என்றால் வென்றாலும் தோற்றாலும் அதே தொகைதான் என்று எழுதிக்கொள்ளலாம். இழப்பீட்டுத் தொகை நீதிமன்றத்தில் கட்டப்பட்டது தெரிந்த நாளிலேயே குடும்பத்துக்குச் சொல்லுங்கள். குழந்தைகளின் பங்கு வங்கியில் நீண்டகால வைப்பாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1994இல் வகுத்த நெறியையும் அந்தத் தாய்க்கு விளக்குங்கள். இல்லையென்றால் ‘வக்கீல் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்’ என்றே அவர் நினைத்துக்கொள்வார்.

தேதிகள்

வழக்கு எடுத்த அன்றே காலவரம்பைக் கணக்கிட்டு வழக்குக் கட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் எழுதுங்கள். புரோநோட்டின் (கடன் உறுதிச் சீட்டின்) பேரில் வழக்குப் போட மூன்று ஆண்டு. காசோலை திரும்பியது என்றால், வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அறிவிப்பு; அறிவிப்பு கிடைத்ததிலிருந்து பணம் கட்ட 15 நாள்; அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார். பிரதிவாதி எழுத்தில் பதில் தரும் எதிர்வுரைக்கு 30 நாள், நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள் வரை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர 30 நாள். ஒரே தேதியை மேசை நாட்குறிப்பிலும் கைப்பேசியிலும் இரண்டு இடத்தில் பதிந்து வையுங்கள்.

காலவரம்பைத் தவறவிடுவதைவிடப் பெரிய தவறு, தவறவிட்டதை மறைப்பது. சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1979ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற ஒரு வழக்கு இதற்குச் சான்று. 15,000 ரூபாய்க்கும் 5,000 ரூபாய்க்குமான இரண்டு புரோநோட்டுகளைக் காது கேளாத ஒரு முதியவர் சார்பில் வாங்கிக்கொண்ட வழக்குரைஞர், வழக்குகளைத் தாக்கல் செய்யாமலே தாக்கல் செய்ததாகவும் வாய்தா நடப்பதாகவும் பொய்த் தேதிகளைச் சொல்லிவந்தார், கடன் காலாவதியானது. மாநில பார் கவுன்சில் அவரை ஆறு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. இந்திய பார் கவுன்சில் அதை ஓராண்டாகக் குறைத்தது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, தண்டனையின் ஒரு பகுதியை ஏழைகளுக்கான சட்ட உதவிப் பணியாக மாற்றியமைத்தது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் என்னை வருத்துவது, பொய்த் தேதியை நம்பி அந்த முதியவர் தரப்பினர் எத்தனை முறை நீதிமன்றத்துக்கும் அலுவலகத்துக்கும் அலைந்திருப்பார்கள் என்ற எண்ணம்தான்.

இன்று அந்த வகைப் பொய்க்கு இடம் கொடுக்காத ஒரு கருவி நம்மிடம் இருக்கிறது. கீழமை நீதிமன்ற வழக்குகளுக்கு எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சி.என்.ஆர். எண், அதாவது அந்த வழக்குக்கே உரிய அடையாள எண், தரப்படுகிறது. வழக்கு எண்ணானவுடன் அதை ஒரு சிறிய அட்டையில், வழக்கு எண், நீதிமன்றம், அடுத்த வாய்தா ஆகியவற்றோடு எழுதிக் கட்சிக்காரரிடம் கொடுங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அந்த எண்ணை இட்டால் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்பது தெரியும். கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ வீட்டில் இருந்தால் அவரை அழைத்து உட்கார வைத்து ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிடுங்கள். ‘கட்சிக்காரரே பார்க்கத் தொடங்கிவிட்டால் தினமும் கேள்வி கேட்பாரே’ என்று தயங்கும் நண்பர்கள் உண்டு. கேட்கட்டும். அவருடைய வழக்கு அது.

ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் அன்று மாலைக்குள் இரண்டு வரியில் தகவல் அனுப்புங்கள்: ‘இன்று நீதிபதி விடுப்பு. அடுத்த வாய்தா 14ஆம் தேதி. நீங்கள் வர வேண்டியதில்லை.’ இந்தக் கடைசி வரி ஒருவருடைய ஒருநாள் கூலியைக் காப்பாற்றும்.

இரகசியம்

கட்சிக்காரர் சொன்னதை அவருடைய வெளிப்படையான சம்மதமில்லாமல் வெளியிடக் கூடாது என்ற கடமை, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 132ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்கு முடிந்த பிறகும் அது நீடிக்கும், குமாஸ்தாவுக்கும் பொருந்தும். குற்றம் செய்வதற்காகவே நம்மிடம் கேட்கப்பட்ட ஆலோசனைக்கும், நம்மை அமர்த்திய பிறகு நடந்ததாக நாம் கண்டறிந்த குற்றத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. நடைமுறையில் இரகசியம் கசிவது பெரிய சதியால் அன்று. உயர்நீதிமன்ற வளாகத்துத் தேநீர்க் கடையில் நின்றுகொண்டு பேசும்போதும், குடும்ப வழக்கின் மனுவை வாட்ஸ்அப் குழுவில் நண்பர்களின் கருத்துக்காகப் போடும்போதும்தான் கசிகிறது. வடசென்னையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதை மறக்காதீர்கள்.

நீதிமன்றமும் எதிர்த்தரப்பும்

நமக்குப் பாதகமான தீர்ப்பையோ ஆவணத்தையோ மறைத்து உத்தரவு வாங்கக் கூடாது. முறையற்ற வழியில் போகச் சொல்லும் கட்சிக்காரரைத் தடுக்க வேண்டும், கேட்கவில்லையென்றால் அவருக்காக ஆஜராக மறுக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு வழக்குரைஞர் இருக்கும்போது அவரை விட்டுவிட்டு அந்தக் கட்சிக்காரரிடம் நேரடியாகச் சமரசம் பேசக் கூடாது. எதிர்த்தரப்புக்கு நாம் தந்த நியாயமான வாக்குறுதி, எழுத்தில் இல்லாவிட்டாலும், நிறைவேற்றப்பட வேண்டும். வேலைநிறுத்தமோ புறக்கணிப்போ செய்ய வழக்குரைஞர்களுக்கு உரிமையில்லை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் கூறியதையும், புறக்கணிப்பு நாளில் பிணை மனுவுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

கட்டைக் கேட்டு வந்தால்

கட்சிக்காரர் ஒருநாள் வேறு வழக்குரைஞரிடம் போக விரும்புவார். மனம் வருந்தும், கட்டணப் பாக்கியும் இருக்கலாம். ஆனால் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க நமக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் தீர்த்துச் சொல்லிவிட்டது. பாக்கிக்குச் சட்டப்படி வேறு வழிகள் இருக்கின்றன. வழக்கின் ஆவணங்கள் ஈட்டுப் பொருள் அல்ல என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். நான் ஜூனியராக இருந்த காலத்தில், ஓர் அலுவலகத்தில் சிக்கிய கட்டுக்காக ஒரு பெண்மணி நான்கு மாதம் நடந்து, அதற்குள் சாட்சி விசாரணை முடிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே கேட்டவுடன் கட்டைக் கொடுங்கள். புதிய வக்காலத்துக்கு உங்கள் சம்மதத்தையும் எழுதிக் கொடுங்கள். புதிதாக வருபவராக நீங்கள் இருந்தால், முன்பு ஆஜரானவரின் சம்மதத்தை முதலில் கேளுங்கள். அவர் தர மறுத்தால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம்.

நீங்களாகவே விலக நேர்ந்தால், தக்க காரணமும் போதிய முன்னறிவிப்பும் வேண்டும். செய்யாத வேலைக்கான கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். நாளை மறுநாள் குறுக்கு விசாரணை என்ற நிலையில் விலகுவது முன்னறிவிப்பு ஆகாது.

புகார் வந்தால்

வழக்குரைஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. பதில் சொல்ல வேண்டிய இடமே நமக்கு இல்லை என்று அதற்குப் பொருளில்லை. வழக்குரைஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார் தரலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கண்டிக்கலாம், இடைநீக்கம் செய்யலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கலாம். அதன் மீது 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கும், பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு உண்டு. அறிவிப்பு வந்தால் கோபத்தில் பதில் எழுதாதீர்கள். கட்சிக்காரரை மிரட்டவோ சமாதானத்துக்கு ஆள் அனுப்பவோ செய்யாதீர்கள். பேரேட்டின் இரண்டு பக்கம், ரசீதுப் படிகள், வாய்தாத் தகவல்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணைத்து அனுப்புங்கள். தவறு நம்முடையதாக இருந்தால் அதை ஒப்புக்கொண்டு, ஈடுசெய்ய முடிந்ததைச் செய்துவிட்டுப் பதிலில் அதையும் எழுதுங்கள்.

வழக்கு முடிந்த பிறகு

தீர்ப்பு வந்தவுடன் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிட்டு, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதைத் தோற்றவருக்கு எழுத்தில் கொடுங்கள். கணக்கை முடித்து, மிச்சம் இருந்தால் பேசிய கட்டணத்தில் பாக்கி உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பிக் கொடுங்கள். மூலப் பத்திரங்கள் நீதிமன்றத்தில் தாக்கலாகியிருந்தால், மேல்முறையீட்டுக் காலம் கடந்த பிறகு அவற்றைத் திரும்பப் பெறும் மனுவையும் நீங்களே போடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுவதால், நீதிமன்றப் பதிவறையில் கிடக்கும் பத்திரத்தைத் தேடி, வீட்டை விற்கும் வேளையில் பிள்ளைகள் அலைய நேர்கிறது. கட்டில் உள்ள ஒவ்வொரு ஆவணத்தையும் எண்ணிட்டு இரண்டு படிகளில் பட்டியல் எழுதி, கட்சிக்காரர் முன்னிலையில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சரிபார்த்து, ஒரு படியில் அவருடைய கையெழுத்தை வாங்கி, பேரேட்டில் அந்த வழக்குக்கு உரிய கடைசி வரியில் ஒட்டி, தேதியிடுங்கள்.